துரை சீட்டு

சம்பள நாளில் அந்தச் சீட்டுக்கட்டு டப்பாவை விட்டு வெளியே வரக்கூடாது என்பது தாத்தா போட்ட சட்டம். மற்ற நாட்களில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், விளக்கை அணைக்கும் வரை ஆடலாம். சம்பள நாளன்றுதான் சுரங்கத் தொழிலாளர் லைன் முழுக்கச் சீட்டு நடக்கும். சாம்பியன் ரீஃப் லைன்களில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். சீட்டு கலைக்கிற சத்தம் கேட்காதா? குழாயடி, வேப்பமரத்தடி, கோயில் சுவரோரம் என்று எங்கே பார்த்தாலும் ‘உள்ளே வெளியே’யும் மூணு சீட்டும் ஓடும். ஜெயித்தவன் சாராயக் கடைக்குப் போவான். தோற்றவன் சுரங்க சாஃப்ட் வாசலில் காத்திருக்கும் வட்டிக்காரனிடம் அடுத்த மாதச் சம்பளத்தை எழுதிக்கொடுப்பான். அன்று ராத்திரி தாத்தா எங்களை எல்லாம் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்.

“நம்ம சீட்டுல காசு பட்டதில்ல” என்பது அவருக்குப் பெருமை. எங்களுக்குப் பந்தயம் புளியங்கொட்டைதான். தாத்தா சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் போய்வருகிறவர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை, அவர் காலத்துக்குப் பிறகு 1926-இல் மறுபடி வரத் தொடங்கியது எங்கள் தங்கவயலில் இருந்துதான். அதைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. குடியும் சூதும் ஆகாது என்பதில் அவர் கறார். காசில்லாத சீட்டு மட்டும் சூது ஆகாது என்று எந்தப் பிக்கு அவருக்கு அனுமதி கொடுத்தாரோ தெரியாது. நாங்களும் கேட்டதில்லை.

கட்டு இருந்தது ஒரு ஹண்ட்லி அண்ட் பால்மர்ஸ் பிஸ்கட் டப்பாவில். மூடியில் பெயிண்ட் உதிர்ந்து பாதி எழுத்துகள்தான் மிச்சம். திறந்தால் பழைய காகித வாசனையோடு குட்டிக்கூரா பவுடர் வாசனையும் சேர்ந்து வரும். சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் அப்பா துளி பவுடரைத் தூவி, மெத்தென்ற துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். சீட்டின் முதுகில் ஒரு கப்பல், அதன் மேலே நாலு முக்கோணமாகப் பிரிந்த கொடி: நீலம், வெள்ளை, சிவப்பு, மஞ்சள். மத்தியானத்தில் பெரியவர்கள் தூங்கும்போது சிமெண்ட் தரை முழுக்க அவற்றைக் கவிழ்த்துப் பரப்புவோம். அறை நிறையக் கப்பல்கள். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை.

சீட்டின் ஓரங்களில் தங்க நிறப் பூச்சு. ஆடி ஆடிப் பெரிய சீட்டுகளில் அது தேய்ந்துபோயிருந்தது; இரண்டு, மூன்று, நாலு போன்ற சின்னச் சீட்டுகளில் மட்டும் வெயிலில் பிடித்தால் பளபளக்கும். ஆயா ஒருநாள் ஆர்ட்டின் மூன்றைக் கையில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஊரே குனிஞ்சி தோண்டி லண்டனுக்கு அனுப்புச்சி. திரும்பி வந்தது இவ்ளோதான்.”

ஆயாவின் கணக்கு ஒன்றும் மிகையில்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-இல் இங்கே கால் வைத்ததிலிருந்து, கடைசியாக 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும்வரை, இந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிருக்கிறது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வேலை முடிந்து மேலே வருகிறவனை வாசலில் உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இடுப்பு மடிப்பில் ஒரு கல் அகப்பட்டால் ஜெயில்தான். அதே வாசலில் கையைத் தூக்கி நின்ற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுக்கு முறைப்படி வந்துசேர்ந்த தங்கம் அந்த ஓரப்பூச்சு மட்டும்தான்.

அந்தக் கட்டு வந்த வழியைத் தாத்தா இரண்டே வரியில் சொல்லிவிடுவார். அவர் அண்டர்கிரவுண்டு ஆள் இல்லை. அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, மூங்கில் தட்டி வீட்டில் குடியிருந்து, சுரங்கத்தில் இறங்கியவர். மகனைக் கீழே அனுப்ப மனசில்லாமல் ஒரு பங்களாவில் சமையல்கட்டு எடுபிடியாகச் சேர்த்துவிட்டார். எடுபிடி வளர்ந்து பட்லர் ஆனார். துரை, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வாலைச் சேர்ந்தவர். அந்த ஊரில் தகரச் சுரங்கங்கள் நொடித்துப்போனபோது அங்கத்திய சுரங்கக்காரர்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று பூமியில் எங்கே குழி தோண்டினாலும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உலகச் சுரங்கங்களில் அவர்களுக்குப் பொதுப்பெயர் ‘கசின் ஜாக்’. மேல்வேலை பார்க்கிறவரை அவர்கள் ‘கேப்டன்’ என்பார்கள். தாத்தாவும் ‘கேப்டன் தொரை’ என்றுதான் சொல்வார். கப்பல் கேப்டன் என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சீட்டு முதுகில் கப்பல் வேறு இருந்ததா, சந்தேகமே வரவில்லை.

1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. துரைகள் மூட்டை கட்டினார்கள். நாற்காலி, மேஜை, பியானோ எல்லாம் ஏலத்துக்குப் போயின. தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு இரும்புப் பெட்டி, பிஸ்கட் டப்பா, அதற்குள் இந்தக் கட்டு. “டப்பால பிஸ்கோத்து இருக்கும்னு நெனச்சி தூக்கினு ஓடியாந்தோம்” என்பார் பெரியப்பா. திறந்து பார்த்து அத்தை அழுதாளாம்.

சீட்டு முதுகில் இருந்தது பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல். அந்தக் கொடியின் நாலு நிறங்களில் நீலமும் வெள்ளையும் போர்ச்சுகல் அரச குடும்பத்துடையவை, சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயினுடையவை. கம்பெனி முதலில் அந்த இரண்டு நாடுகளுக்குத்தான் கப்பல் விட்டது. பிறகுதான் சூயஸ், ஏடன், பம்பாய். வாரக்கணக்கில் கடலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வருகிற பிரயாணிகளுக்குக் கப்பலில் நாவிதர் கடைதான் பலசரக்குக் கடையும். சவரம் செய்துகொள்ளப் போகிறவன் கப்பல் படம் போட்ட சாம்பல் கிண்ணம், பிக்சர் கார்டு, சீட்டுக்கட்டு என்று நினைவுப்பொருள் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்புவான். எங்கள் கட்டு அப்படி ஏதோ ஒரு கப்பலில் முதன்முதலாகப் பிரிக்கப்பட்டு, பம்பாயில் இறங்கி, ரயிலேறி, பௌரிங்பேட்டையில் வண்டி மாறி வந்திருக்க வேண்டும். பௌரிங்பேட்டை பிறகு பங்காருப்பேட்டை ஆயிற்று. ரயில் அப்படியேதான் போகிறது.

இஸ்பேட் ஏஸ் மட்டும் மற்ற ஏஸ்களைப் போல் இருக்காது. நடுவில் பெரிதாகக் கொடியும் கொத்தும் போட்டு, கீழே ‘டி லா ரூ’ என்று எழுதியிருக்கும். விக்டோரியா ராணி தலை போட்ட நம் தபால்தலைகளை அச்சடித்துக் கொடுத்ததும் அதே கம்பெனிதான். ஏஸுக்கு ஏன் இத்தனை அலங்காரம் என்பதற்குப் பின்னால் ஒரு வரிக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு சீட்டுக்கட்டுக்கும் வரி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளமாக இஸ்பேட் ஏஸை மட்டும் அரசாங்கமே அச்சடித்துக் கொடுக்கும். 1862 வரை அந்த ஏற்பாடு இருந்தது. கள்ள ஏஸ் அடித்ததற்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் தூக்கிலேயே போட்டார்கள். 1862-க்குப் பிறகு ஏஸை அவரவரே அச்சடித்துக்கொள்ளலாம் என்றான பின்னும் அலங்காரம் மட்டும் போகவில்லை. வரி ஒழிந்ததே 1960-இல்தான். ஒரு சீட்டுக்காகக் கழுத்துக்குக் கயிறா என்று இன்றைக்குச் சிரிக்கலாம். ஒரு கல்லுக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் எங்கள் லைனிலேயே இருந்தார்கள்.

இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது படச் சீட்டுகளின் முகங்கள்தான். இஸ்பேட் ஜாக்கிக்கும் ஆர்ட்டின் ஜாக்கிக்கும் ஒற்றைக் கண். பக்கவாட்டில் திரும்பி நிற்பார்கள். ஆர்ட்டின் ராஜாவுக்கு மட்டும் மீசை கிடையாது, போதாததற்குக் கத்தி தலைக்குப் பின்னால் இறங்கியிருக்கும். அவன் வீட்டில் சண்டை என்று சித்தப்பா கதை கட்டுவார். நாலு ராணிகளில் கையில் பூவைப் பிடித்திருந்தும் முகம் கொடுக்காதவள் இஸ்பேட் ராணி. பங்களா துரைசாணி அப்படித்தான் இருப்பாள் என்பாள் ஆயா. துரைசாணியைப் பற்றி ஆயா வாயிலிருந்து நான் கேட்ட ஒரே தகவல் அதுதான்.

வீட்டு ஆட்டம் முந்நூற்றி நாலு. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளி. ஏழிலிருந்து ஏஸ் வரை முப்பத்திரண்டு சீட்டு, மீதிக்கு வேலையில்லை. இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு மரியாதை கிடையாது. ஜாக்கிதான் எல்லாருக்கும் மேலே, 30 புள்ளி. அடுத்து ஒன்பது, 20. ஏஸ் 11, பத்து 10. அதற்குப் பிறகுதான் ராஜா, வெறும் 3. ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கு 304. பள்ளிக்கூடத்தில் கூட்டல் சொல்லித்தருவதற்கு முன்பே எனக்குக் கூட்டல் வந்தது இப்படித்தான். முதல் நாலு சீட்டு கைக்கு வந்ததும் புள்ளி கேட்க வேண்டும். அதிகமாகக் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன நிறம் என்பது வெட்டுகிற வரைக்கும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயா துருப்பைக் கவிழ்த்தால் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்பா அதற்கு நேர்மாறு. நல்ல சீட்டு வந்தால் கால் கட்டைவிரல் ஆடத் தொடங்கிவிடும். அவர் டிம்பர்மேன். கீழே குடைந்த இடங்களுக்கு மரத்தைக் கட்டி முட்டுக் கொடுப்பது அவர் வேலை. மேலே வந்து பாயில் உட்கார்ந்தால் எதையும் தாங்கிப்பிடிக்கத் தெரியாத மனிதர் என்று ஆயா கேலி செய்வாள்.

தாத்தா சீட்டுப் பிரிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு வேண்டாத சின்னச் சீட்டுகளை ஒதுக்கி டப்பாவில் போடுவார். ஆனால் இஸ்பேட் இரண்டை மட்டும் அவற்றோடு சேர்க்கமாட்டார். அதைத் தனியே எடுத்துத் தன் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து கட்டைக் கட்டும்போது எல்லாவற்றுக்கும் மேலே அதை வைப்பார். “அது தொரை சீட்டு” என்பார். ஏன் என்று கேட்டால், “சொன்னா உனக்குப் புரியாது” என்பார். சாமி கணக்கு, ராசி கணக்கு என்று நாங்களாகவே ஏதோ முடிவுகட்டிக்கொண்டோம். லைனில் எல்லா வீட்டிலும் காரணம் தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. கீழே இறங்குகிற ஆணைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

அந்தக் கட்டில் ஒரு சீட்டு லண்டன் சீட்டு இல்லை. கிளாவர் நாலு நான் பிறக்கும் முன்பே தொலைந்துவிட்டது. தாத்தா காலண்டர் அட்டையை அதே அளவுக்கு வெட்டி, நீல மையால் நாலு கிளாவர் வரைந்திருந்தார். மூன்று இலைகள் மூன்று உருண்டைகள் ஆகியிருந்தன. விசேஷம் முதுகில்தான். அங்கே பென்சிலால் ஒரு கப்பல். கடலும் கப்பலும் கண்ணால் காணாதவர் வரைந்த கப்பல். புகைபோக்கியைச் சரியாகவே போட்டுவிட்டார், எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. பாய்மரம் வர வேண்டிய இடத்தில் அவர் வரைந்து வைத்திருந்தது சாஃப்ட் மேலே நிற்கும் இரும்புக் கோபுரம். உச்சியில் கயிறு ஓடுகிற சக்கரம்கூட உண்டு.

கிளாவர் நாலு தொலைந்த கதைக்கு மூன்று பாடம் இருந்தது. எலி இழுத்துக்கொண்டு போனது என்பது பெரியப்பா பாடம். அத்தை அதை நூலகப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது சித்தப்பா பாடம். அத்தை சொல்வது வேறு. ஒரு ராத்திரி பர்ஸ்ட் ஆனபோது எல்லாரும் போட்டது போட்டபடி சாஃப்டுக்கு ஓடினார்கள், விடிந்து வந்து எண்ணினால் ஐம்பத்தொன்றுதான் இருந்தது என்பாள். நான் அத்தை பக்கம். ஏனென்றால் அப்படி ஒரு ராத்திரியை நானே பார்த்திருக்கிறேன்.

பர்ஸ்ட் என்றால் பாறை வெடிப்பு. அவ்வளவு ஆழத்தில் குடைந்து எடுத்துவிட்டால், மேலே இருக்கிற மலையின் பாரம் முழுக்கச் சுற்றியுள்ள பாறையில் ஏறும். தாங்க முடியாத ஒரு கணத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறும். மருந்து வைக்கத் தேவையில்லை. மேலே இருக்கிற எங்களுக்கு அது பூகம்பம் மாதிரி வந்து சேரும். அன்றைக்கு நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். தாத்தா, ஆயா, பெரியப்பா, சின்னப் பிள்ளை என்று கருணை வைத்து நாலாவது கையாக நான். அப்பா ராத்திரி ஷிப்டு. முதலில் பரணில் இருந்த அலுமினியத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. பிறகு தரை ஒரு உதறு உதறியது. நடுவில் கிடந்த நாலு சீட்டும் இடம் மாறி நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். தாத்தா உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது, அதையும் யாரோ அடக்கினார்கள். எல்லாருக்கும் காது வெளியே இருந்தது, சங்கு ஊதுகிறதா, ஆம்புலன்ஸ் போகிறதா என்று. ஆயா கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகி எழுந்தாள். கதவைத் திறந்தால் தெரு முழுக்கப் பெண்கள் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள். ஓடினால் ஏதோ நடந்துவிட்டதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஆயா பின்னொரு நாள் சொன்னாள்.

பாயில் கிடந்த சீட்டை ராத்திரி முழுக்க யாரும் தொடவில்லை. எனக்கும் தொடத் தோன்றவில்லை. விடிகிற நேரத்துக்கு அப்பா வந்தார், கூடவே ஆயாவும் பெரியப்பாவும். வேறு பகுதியில்தான் வெடித்திருந்தது. அவர் முகம் கழுவி, பாயில் வந்து உட்கார்ந்து, ஆயா கவிழ்த்து வைத்திருந்த கையை எடுத்து விரித்துப் பார்த்தார். “ரெண்டு ஜாக்கி வெச்சிகினு இவ்ளோ கம்மியாவா கேட்ட?” என்றார். ஆயா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் மைசூர் போனபோது கஞ்சீஃபா பற்றி முதல்முறை கேள்விப்பட்டேன். வட்ட வட்டமான சீட்டு, கையால் எழுதியது; தசாவதாரக் கட்டில் மட்டுமே 120. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் புதிது புதிதாகச் சீட்டாட்டங்களை யோசித்துக்கொண்டே இருந்தவராம். அவர் உண்டாக்கிய ஓர் ஆட்டத்துக்கு 360 சீட்டு. ஊருக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். ராஜாவுக்கு வேறு வேலை இருந்திருக்காது என்றார். அது ஒருவகையில் நிஜம். 1831-இலேயே ஆங்கிலேயர் அவரிடமிருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் 1868-இல் கண்ணை மூடினார். சில வருஷத்தில் லாவெல் என்கிற ஐரிஷ் சிப்பாய் எங்கள் ஊரைத் தோண்ட அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டார்.

தாத்தா போனார். சுரங்கம் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆகி, நஷ்டக் கணக்கு ஏறி, 2001-இல் மூடியது. அப்பா மாதிரி எத்தனையோ பேர் விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். அந்த ரயிலில் நாலு பேர் முழங்காலுக்கு மேல் ஒரு சூட்கேஸைப் போட்டால் போதும், கிருஷ்ணராஜபுரம் வரும்வரை ரம்மி ஓடும். அப்பாவும் ஆடுவார், பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட புதுச் சீட்டில். நம் வீட்டுக் கட்டை ஒருநாள் கொண்டுவாருங்கள் என்று கூட்டாளிகள் கேட்டால், “அது டிக்கெட் எடுத்து வர வேண்டிய சீட்டு” என்று தட்டிக்கழிப்பார்.

மூடிய பிறகுதான் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள், தாத்தா வேலை பார்த்த இடம், பாட்டி புதைந்த இடம் என்று கேட்டுக்கொண்டு. அப்படி வந்த ஒரு முதியவரை ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் வழிகாட்டப் போய், வீட்டுக்கும் அழைத்துவந்தேன். கார்ன்வால் ஆள். ஆயா வரக்காப்பி கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் கப்பலைப் பார்த்தார், ஏஸைப் பார்த்தார், பிறகு சீட்டுகளை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினார். ஒன்பதிலிருந்து ஏஸ் வரை மூலைகள் மழுங்கி, ஓரப்பூச்சு சுத்தமாகப் போயிருந்தது. ஏழும் எட்டும் பாதித் தேய்மானம். அதற்குக் கீழே எல்லாம் கிட்டத்தட்டப் புதுசு. ஒரே ஒரு விதிவிலக்கு, இஸ்பேட் இரண்டு. ஜாக்கிக்குச் சமமாகத் தேய்ந்திருந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “பென்னி” என்று சொல்லிச் சிரித்தார்.

யூக்கர் என்று ஓர் ஆட்டம். கார்ன்வாலில் இன்றைக்கும் மதுக்கடைகளில் அணி கட்டி ஆடுகிறார்கள். ஒன்பதிலிருந்து ஏஸ் வரை இருபத்திநாலு சீட்டு, ஆளுக்கு ஐந்து. அந்த ஆட்டத்திலும் துருப்பு ஜாக்கி ராஜாவை அடிக்கும். அதற்கும் மேலே இருபத்தைந்தாவதாக ஒரு சீட்டைச் சேர்ப்பார்கள், சிலர் ஜோக்கரை, சிலர் இஸ்பேட் இரண்டை. அதுதான் பென்னி, எந்தத் துருப்பையும் வெட்டும். ஏழும் எட்டும் தேய்ந்தது எப்படி என்று அவர் என்னைக் கேட்டார். அது நாங்கள் தேய்த்தது என்று முந்நூற்றி நாலை விளக்கினேன். அங்கேயும் ஜாக்கிதான் பெரியதா என்று அவருக்கு ஒரே குஷி. கட்டு முழுக்க மேலோட்டமாக ஒருமுறை தடவிக்கொண்டே, ஒன்பதையும் பத்தையும் தேய்த்ததில் பாதி எங்கள் ஆட்கள், பாதி நீங்கள் என்றார்.

அவர் சொன்னதை ஆயாவுக்குச் சொன்னேன். அவள் அசரவில்லை. “ஆமா, ரெண்டு பெருசு. உங்க தாத்தா சொல்லுவாரு” என்றாள். தாத்தாவுக்கு அந்த ஆட்டம் தெரியுமா என்று கேட்டேன். நன்றாகத் தெரியும், பங்களா வராந்தாவில் தினமும் தட்டேந்திப் பின்னால் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார் என்றாள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்த ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது, பெங்களூருக்கே அது 1905-இல்தான். பங்களா வராந்தாவில் நடுராத்திரி வரை பல்பு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்குமாம். யார் கையில் என்ன இருக்கிறது, யார் தப்பாகப் போடப்போகிறார் என்பதெல்லாம் தாத்தாவுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரியுமாம்.

“நாலாவது ஆள் வரலன்னா?” என்று கேட்டேன்.

“மூணு பேராவே ஆடிக்குவாங்களாம்.”

முதியவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காப்பி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

ஆயா காரியம் முடிந்த மறுநாள் பங்கு பிரித்தோம். மூக்குத்தி, குத்துவிளக்கு, இரும்புப் பெட்டி எல்லாம் பேச்சில்லாமல் முடிந்தன. டப்பாவில் வந்து மாட்டிக்கொண்டது. நாலு பிள்ளைகளும் அது தனக்கு வேண்டும் என்றார்கள், அறுபது வயசுக்கு மேல். கடைசியில் அத்தைதான் வழி சொன்னாள்: நாலு பேர், நாலு நிறம், ஆளுக்குப் பதிமூன்று. பெரியப்பா மூத்தவர் என்று இஸ்பேட்டை எடுத்துக்கொண்டார், துரை சீட்டும் அவரோடு போயிற்று. ஆர்ட்டின் சித்தப்பாவுக்கு, டைமண்ட் அப்பாவுக்கு. கிளாவர் வேண்டாம், அதில் ஒன்று போலி என்று மற்றவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “போலியா? மத்ததெல்லாம் எவனோ அச்சடிச்சது. இது எங்க அப்பன் கையால எழுதனது” என்றாள். உடனே மூன்று பேருக்கும் கிளாவர் வேண்டியிருந்தது. டப்பாவை அடகு பிடித்தாற்போல நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது இஸ்பேட் ஓசூரில் பெரியப்பா மகனிடம் இருக்கிறது. ஆர்ட்டின் ராபர்ட்சன்பேட்டையில் சித்தப்பாவிடம். டைமண்ட் என்னிடம். அத்தை வாணியம்பாடியில். வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு எல்லாரும் தங்கவயல் வருவோம். ஊர்வலம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, அவரவர் பையிலிருந்து அவரவர் நிறம் வெளியே வரும்.

போன ஏப்ரலில் ஓசூர் அண்ணன் சட்டைப்பை, பேண்ட் பை, காரின் டேஷ்போர்டு எல்லாம் துழாவிவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். இஸ்பேட்டை வீட்டிலேயே விட்டுவிட்டார். கடையில் ஒரு கட்டு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அத்தை விடவில்லை.

“கடைச் சீட்டு இதோட சேராது. மூணு நெறம் எவ்ளோ?”

“இருநூத்தி இருபத்தெட்டு” என்றேன்.

“சீட்டு?”

“இருபத்திநாலு.”

“மூணு பேருக்கு ஆளுக்கு எட்டு. சரியா வருது, பிரி” என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, “நீ சீட்டு எடுத்துகினு வரலல்ல, போய் டீ போடு” என்றாள்.

ஐம்பத்தெட்டு வயசு மனிதர், பேக்டரியில் எத்தனை பேரை வேலை வாங்குகிறவர், பேசாமல் போய் டீ போட்டார். டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் பின்னால் நின்றார். நான் டைமண்ட் ஒன்பதை எடுக்கப் போனேன். “அத போடாத, அத்தை கையில ஜாக்கி கீது” என்றார் காதருகே. அத்தைக்கு எண்பத்திரண்டு வயசானாலும் காது மட்டும் பழுதில்லை.

“ஏண்டா, நின்னுகினு இருக்கறவனுக்கு இன்னாடா பேச்சு? டீய வெச்சிட்டுப் போ.”




சொல்லிவிட்டு ஜாக்கியைத்தான் போட்டாள்.